உள்ளடக்கமும் ஒரு கடன் விண்ணப்பமும்

ஓவியன் ஒருவன் தன் படங்களை இணையத்தில் விற்கக் கற்றுக்கொள்வதற்காகப் பணம் கட்டிப் பயிற்சி பெறலாமா என்ற கேள்வி நம் வட்டத்தில் எழும்போதெல்லாம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஒருவர் சிரிக்கிறார். இன்னொருவர் 'வியாபாரம்' என்ற சொல்லை, சோற்றில் கிடந்த மயிரை எடுத்துப் போடுவதுபோல் எடுத்துப் போடுகிறார். பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது. எனக்கும் அது அப்படித்தான் இருந்தது, சென்ற வருஷம் ஒரு கடன் விண்ணப்பம் என் மேஜைக்கு வரும்வரை.

விண்ணப்பித்தவர் என் நண்பர். இந்தப் பத்திரிகையை வாசிப்பவர்களில் பலருக்கும் நண்பர். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவிய ஆசிரியராக இருக்கிறார். கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் 'சொந்தச் செலவு' என்று எழுதியிருந்தார். என்ன செலவு என்று கேட்டேன். ஆன்லைன் மார்க்கெட்டிங் கோச்சிங் என்றார். எட்டு வாரம். கட்டணம் 75,000 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 13,500. ஆக 88,500. 12 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்றால் மாதம் 4,166 ரூபாய். முடிக்கும்போது அவர் கட்டியிருக்கும் மொத்தத் தொகை 99,984. ஒரு லட்சத்துக்கு 16 ரூபாய் குறைவு. நான் குமாஸ்தா. தாள்கள் சரியாக இருந்தன, மேலே அனுப்பிவிட்டேன். நண்பனாகச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அன்று என்னிடம் வார்த்தை இல்லை. அதை இப்போது, அவர் சம்மதத்தோடு, எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் விற்கப்படும் பொருள் என்ன என்று பார்க்கலாம். எட்டு வாரம், வாரம் ஒரு ஜூம் கூட்டம். ஒரு வாட்ஸ்அப் குழு. நிரப்புவதற்குச் சில படிவங்கள். உங்கள் படத்தை வாங்கக்கூடியவர் யார், அவர் வயது என்ன, அவர் வீட்டுச் சுவரின் நிறம் என்ன என்று கேட்கும் படிவம் ஒன்று. தினம் என்ன பதிவிட வேண்டும் என்று 90 நாட்களுக்கான அட்டவணை ஒன்று. படத்தை எப்படிப் புகைப்படம் எடுப்பது, விலையை எப்படி எழுதுவது, முன்பு வாங்கியவருக்கு எப்படி மின்னஞ்சல் அனுப்புவது என்று சில பாடங்கள். இந்தக் கடைசி மூன்றும் உபயோகமானவைதான். அத்தனையும் குப்பை என்று சொல்வது பொய்யாகும். ஆனால் இவை அக்கறையுள்ள ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிடக்கூடியவை. மிச்சம் ஏழு வாரத்தில் விற்கப்பட்டது வேறு ஒன்று.

இந்தத் தொழிலின் அமைப்பே ஏணிதான். முதல் படி இலவசம்: ஒரு மணி நேர வெபினார். அடுத்த படி சில நூறு ரூபாய். அதற்கடுத்தது ஆயிரங்கள். உச்சியில் லட்சங்கள். ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் முக்கியமான பாடம், அடுத்த படியில்தான் விஷயம் இருக்கிறது என்பது. இது ஓவியர்களுக்கென்று ஏற்பட்டதல்ல. அமெரிக்காவில் 2018 ஜூனில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் மோப் என்ற இணைய வணிகப் பயிற்சி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு அதை நிறுத்தியது. 49 டாலரில் ஆரம்பித்த சேர்க்கை படிப்படியாகப் பல்லாயிரம் டாலருக்குப் போனது என்பதும், மக்களிடமிருந்து பறிபோனது 12.5 கோடி டாலருக்கு மேல் என்பதும் ஆணையத்தின் குற்றச்சாட்டு. எல்லாப் பயிற்சியாளரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. நேர்மையானவரும் அதே ஏணியைத்தான் சார்த்தி வைத்திருக்கிறார் என்கிறேன். ஏணியின் குணம் ஏறுபவனைப் பார்த்து மாறுவதில்லை.

வங்கியில் ஒருவருக்குக் கடன் கொடுக்குமுன் அவர் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறோம். கலைஞன் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுவே. உங்கள் வருமானம் ஓவியம் விற்று வருகிறதா, ஓவியம் விற்கக் கற்றுக் கொடுத்து வருகிறதா? என் நண்பர் இதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் பூசி மெழுகி வந்திருக்கும். ஓவியத்தை வாங்குகிறவர்கள் குறைவு; ஓவியம் விற்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். எது பெரிய சந்தையோ அதற்குத்தான் பயிற்சியாளர் கடை விரிக்கிறார். அவர் கணக்கில் ஓவியன் விற்பனையாளன் அல்ல, வாடிக்கையாளன்.

இன்னொரு விஷயம். அவர் கற்பிப்பது தன் வீட்டு விதிகளை அல்ல. அடுத்தவன் வீட்டு விதிகளை. இன்ஸ்டாகிராமில் ஒரு காலத்தில் பதிவுகள் போட்ட வரிசையிலேயே வந்தன. 2016இல் அந்த வரிசை போயிற்று. எதை முதலில் காட்டுவது என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்ய ஆரம்பித்தது. 2020இல் ரீல்ஸ் வந்தது. 2021இல், இது இனிமேல் புகைப்படம் பகிரும் செயலி அல்ல என்று அதன் தலைவரே பகிரங்கமாகச் சொன்னார். ஆக 2019இல் அசையாத படத்தை எப்படிப் போடுவது என்று காசு கொடுத்துக் கற்றவன் இரண்டு வருஷத்தில் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டியவன் ஆனான். தவணை ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடம் செத்துப்போவது, நானறிந்த எந்தக் கடன் வகையிலும் இல்லாத விசித்திரம். மாடு வாங்கக் கடன் கொடுத்தால் மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு.

இதுவரை சொன்னது பணம். பணம் போனால் போகிறது என்று சொல்லத்தக்க இடம் ஒன்று உண்டு. நான் விமர்சகனாகப் பேச வேண்டிய இடமும் அதுதான்.

நண்பர் பல வருஷங்களாக வரைந்துவருவது வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களை. உப்பளம் என்று தெரியாமலேகூடப் பார்க்கலாம். வெள்ளையின்மேல் வெள்ளை, அதற்குள் ஒரு சாம்பல் வரப்பு, கரி கொண்டு தேய்த்து அழித்த இடத்தில் தங்கிவிட்ட மங்கல். ஐந்தடி அகலக் கித்தானின் முன்னால் பத்து நிமிஷம் நின்றால்தான் ஒரு பாத்தி இன்னொரு பாத்தியிலிருந்து பிரியும். கண் கூசிப் பழகுவதே அந்தப் படத்தின் அனுபவம். கைபேசித் திரையில் இது வெற்றுத் தாளாகத் தெரிகிறது. நகரும் கட்டை விரல் நிற்க வேண்டுமென்றால் நிறம் வேண்டும், முரண் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். நான்காம் வாரத்தில் உப்பளத்தின் நடுவே சிவப்புப் புடவை கட்டிய பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

அடுத்த வாரம் 'கதை' வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கதை இருக்க வேண்டுமாம். 1930இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த மண் அல்லவா; படங்களுக்குக் கீழே சுதந்திரப் போராட்டம் ஏறி உட்கார்ந்தது. அந்தச் சரித்திரம் பெரிது. ஆனால் அவர் படங்களில் அது ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் படங்களில் இருந்தது வெளிச்சம். பார்வையாளன் தானே கண்டடைய வேண்டிய ஒன்றை அகற்றிவிட்டு, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அந்த இடத்தில் வைப்பதற்குத்தான் இந்த உலகத்தில் கதை என்று பெயர்.

பிறகு வரையும் வீடியோ. மாதக்கணக்கில் வளரும் படத்தை 30 விநாடியில் காட்ட வேண்டும். முடிவில் ஒரு தீர்மானமான தீற்றல் விழ வேண்டும். படம் முடிவது எப்போது என்று ஓவியனுக்கே தெரியாது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஒரு நாள் பார்க்கிறான், இனிச் செய்ய ஏதுமில்லை என்று விட்டுவிடுகிறான். விடுவதை எப்படிப் படம் பிடிப்பது? ஆகவே நண்பர் காய்ந்துபோன கித்தானின் மேல் கடைசித் தீற்றல் ஒன்றைக் கேமராவுக்காக மறுபடி தீட்டினார். இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தத் தீற்றல் இன்னும் படத்தின்மேல் இருக்கிறது.

இதற்கெல்லாம் அங்கே 'கன்டென்ட்' என்று பெயர். தமிழில் உள்ளடக்கம். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நம் முன்னோர்கள் கால் நூற்றாண்டு சண்டை போட்டார்கள். உருவமா, உள்ளடக்கமா? கைலாசபதி போன்ற மார்க்ஸியர்கள் ஒரு பக்கம். 'எழுத்து' வழி வந்தவர்கள் மறு பக்கம். அந்தச் சண்டையில் அபத்தம் நிறைய உண்டு. ஆனால் இரு தரப்பாரும் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்தார்கள்: உள்ளடக்கம் என்பது படைப்புக்குள் இருப்பது. இன்று அந்தச் சொல்லின் அர்த்தம் தலைகீழாகிவிட்டது. உள்ளடக்கம் என்பது ஒரு நிறுவனத்தின் காலிப் பாத்திரத்தை நிரப்புவது. பாத்திரம் அவர்களுடையது, அடைப்பது நாம். அதில் உருவம் என்ற கேள்விக்கே இடமில்லை. ஏனென்றால் உருவம் பாத்திரத்தோடு வந்துவிடுகிறது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். எட்டு வாரத்தில் நான்கு சிறிய படங்கள், தலா 6,000 ரூபாய்க்கு விற்றன. 24,000 ரூபாய். வாங்கிய நால்வரும் அதே வாட்ஸ்அப் குழுவில் இருந்த சக மாணவர்கள். அவரும் பதிலுக்கு அவர்களில் இருவரிடம் 9,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். இது ஏமாற்று அல்ல. ஒருவரையொருவர் தூக்கிவிட வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார்கள். 24,000 என்ற தொகை மட்டும் பயிற்சியாளரின் அடுத்த விளம்பரத்தில் வந்தது. பிறகு, நீங்களே புதியவர்களைச் சேர்த்துவிட்டால் கமிஷன் உண்டு என்ற அழைப்பும் வந்தது. அதற்கு அவர் பதில் எழுதவில்லை.

இந்த இடத்தில் நம்மவர்கள் தலையாட்டுவார்கள் என்று தெரியும். 'அப்போதே சொன்னோமே, கலைஞன் விற்கப் போகக்கூடாது.' இந்தத் தலையாட்டலை நான் ஏற்கவில்லை. சி.சு. செல்லப்பா 1959இல் 'எழுத்து' ஆரம்பித்து 1970வரை நடத்தினார். எழுத்துப் பிரசுரப் புத்தகங்களைத் தன் கையாலேயே சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக விற்கப் போனவர் அவர். நம் விமர்சன மரபின் ஸ்தாபகர் விற்பனைக்குப் போனவர்தான். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் உண்டாக்கியது எதைக் கொண்டு? பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைச் செய்து விற்ற பணத்தைக் கொண்டு. சந்தைக்குப் போக வேண்டியதைச் சந்தைக்கு அனுப்பி, ஓவியத்தைச் சந்தையின் நிர்ப்பந்தத்திலிருந்து விடுவித்துக்கொண்டார்கள். துணியில் சந்தையின் ருசிக்கு இடம் கொடுக்கலாம்; கித்தானில் கொடுக்க வேண்டியதில்லை. இந்தப் பிரிவினை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் நண்பருக்குக் கற்பிக்கப்பட்டது இந்தப் பிரிவினையை அழிப்பது எப்படி என்பது.

பயிற்சியாளர்கள் எல்லோரும் தவறாமல் இழுக்கும் ஒரு பெயர் உண்டு: வான்கா. உயிரோடிருந்தபோது ஒரே ஒரு படம் விற்றவர். மார்க்கெட்டிங் தெரியாததால் பட்டினி. நீங்களும் அப்படி ஆகப்போகிறீர்களா? கதை முழுக்கச் சரியும் அல்ல. 1890இல் ப்ரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 'சிவப்புத் திராட்சைத் தோட்டம்' 400 பிராங்குக்குப் போனது. வாங்கியவர் ஆனா பாக் என்ற ஓவியர். அதற்கு முன்பே 1882இல் அவர் சித்தப்பா ஒருவர் காசு கொடுத்துக் கோட்டுச் சித்திரங்கள் வரையச் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். வான்காவை உண்மையில் உலகத்திடம் கொண்டு சேர்த்தது யார் என்பதைப் பயிற்சியாளர் சொல்வதில்லை. தம்பி தியோவின் மனைவி யோஹான்னா. 1891 ஜனவரியில் தியோ இறந்தபோது அவளுக்குக் கைக்குழந்தை ஒன்று, யாரும் விரும்பாத நூற்றுக்கணக்கான படங்கள், ஒரு கத்தைக் கடிதங்கள். ஆங்கிலம் கற்பித்தவள். பூஸ்ஸும் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தாள். கடிதங்களை வாசித்து வாசித்துப் படங்களைப் புரிந்துகொண்டாள். விமர்சகர்களுக்கு எழுதினாள், ஒவ்வொரு விற்பனையையும் கணக்குப் புத்தகத்தில் குறித்தாள். 1905இல் ஆம்ஸ்டர்டாம் ஸ்டெடலிக் மியூசியத்தில் இடம் வாடகைக்குப் பிடித்து நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகளைக் காட்டினாள். 1914இல் கடிதங்களைப் பதிப்பித்தாள். பிரிய மனமில்லாமல் வைத்திருந்த சூரியகாந்திப் படத்தை 1924இல் லண்டன் நேஷனல் காலரிக்குக் கொடுத்தாள்.

இதுவும் மார்க்கெட்டிங்தான். அந்தச் சொல்லைக் கண்டு கூச வேண்டாம். ஆனால் 30 வருஷத்துக்கு மேல் பிடித்தது. தொடக்கம் படத்தைப் பார்ப்பதில் இருந்தது. வாங்குபவன் வீட்டுச் சுவரின் நிறத்துக்கேற்ப ஒரு படத்தில்கூட ஒரு தீற்றல் கூடவில்லை. மாறியது படங்கள் அல்ல, பார்ப்பவர்களின் கண்கள். இதை எட்டு வாரத்தில் யாரும் விற்க முடியாது; படத்தை வரைந்தவன் காசு கொடுத்து வாங்கவும் முடியாது.

ஆகவே என் அபிப்ராயத்தை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கலைஞன் ஒரு வேலைக்குக் காசு கொடுக்கலாம். படத்தைச் சரியாகப் புகைப்படம் எடுக்கத் தெரிந்தவனுக்கு, உடையாமல் கட்டி அனுப்பத் தெரிந்தவனுக்கு, வரிக்கணக்கு எழுதுபவனுக்கு, வேலைக்கு இத்தனை என்று கொடுக்கலாம். இவர்கள் கையில் தொழில் இருக்கிறது. வேலை முடிந்தால் எழுந்து போய்விடுவார்கள். ஒரு செயலியை எப்படி இயக்குவது என்று கற்க வேண்டுமானால் சில நூறு ரூபாய் கொடுக்கலாம். கடன் வாங்கிக் கொடுக்கக்கூடாது. தன் படம் என்னவாக இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையை எந்தக் கட்டணத்தோடும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

இத்தோடு முடித்திருந்தால் நான் நண்பருக்குப் புத்தி சொன்னவன் ஆவேன். அது நியாயமில்லை. ஏன் போனீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் இது: 'சேருவதற்கு முன் இலவசமாக ஒரு போன் பேச்சு உண்டு. அந்த ஆள் என் படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு என்னோடு நாற்பது நிமிஷம் பேசினார். என்ன பேசினார் என்பதை விடுங்கள். அதுவரைக்கும் யாரும் பேசவில்லை.'

2019இல் அவர் ஊர் மண்டபம் ஒன்றில் பத்து நாள் கண்காட்சி வைத்தார். நாங்கள் நான்கு பேர் பஸ் பிடித்துப் போனோம். டீ குடித்தோம்; ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றிச் சண்டை போட்டோம்; படங்களைச் சுற்றி வந்தோம்; 'நல்லாயிருக்கு' என்றோம். நான் ஒரு வரி எழுதவில்லை. யாரும் ஒரு படமும் வாங்கவில்லை. புறப்படும்போது ஒரு கோட்டுச் சித்திரத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டோம், பத்திரிகை அட்டைக்கு. அதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவரை அவமதிப்பதாக நினைத்திருப்போம். வியாபாரத்தின்மேல் நமக்குள்ள அருவருப்பு எத்தனை சௌகரியமானது பாருங்கள். அதற்கான செலவை எப்போதும் ஓவியனே ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

பார்ப்பதும் பார்த்ததைச் சொல்வதும் விமர்சகனின் வேலை. நான் செய்யாமல் விட்ட நாற்பது நிமிஷ வேலையை வேறொருவன் செய்வதுபோல் பாவனை செய்து 75,000 ரூபாய்க்கு ரசீது போட்டுவிட்டான். இங்கே கோச்சிங் வியாபாரத்துக்கு முதலீடு நம்முடைய மௌனம்.

அவருடைய பழைய வெள்ளைப் படங்களைப் பற்றி அடுத்த இதழுக்கு எழுதுவதாக ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அட்டைப் படத்துக்கு ஏதாவது ஒரு தொகை, எவ்வளவு சின்னதானாலும், இனி கொடுத்தாக வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். தயக்கத்தோடு சரி என்றார். மாதாமாதம் 5ஆம் தேதி அவர் கணக்கிலிருந்து 4,166 ரூபாய் கழிவது என் கம்ப்யூட்டரில் தெரிகிறது. பத்துத் தவணை போயிற்று. இன்னும் பதினான்கு இருக்கிறது. சிவப்புப் புடவைக்காரியை அவர் இன்னும் அழிக்கவில்லை.